மஞ்சள் காருக்கு அப்பா போட்ட பிரேக்

போன மாதம் சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். பிரியாணி முடிந்து ஐஸ்கிரீம் கப் எல்லோர் கைக்கும் வந்து சேர்ந்ததும், மாப்பிள்ளை வீட்டாரைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு அப்பா அந்தக் கதையை ஆரம்பித்துவிட்டார். மஞ்சள் காருக்குத் தன் கையால் புதுப் பிரேக் போட்ட கதை. ஒரு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஞானஸ்நானம், புதுநன்மை, வீடு மந்திரிப்பு, முப்பதாம் நாள் ஜெபம் என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. சித்தப்பா பக்கத்தில் நின்று, "அந்தக் காத்த வெளிய எடுக்கறதுக்குள்ள எங்க உசுரே போயிடுச்சு" என்று ஒத்து ஊதினார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, எதிர் நாற்காலியில் பெரியம்மா நிதானமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நல்ல பிரேக் தம்பி, இன்னி வரைக்கும் ஒரு குறை இல்ல" என்று ஒரு சான்றிதழ் வேறு. நான் கப்பை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு இன்றும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

பெரியம்மா அம்மாவின் அக்கா. நர்ஸ். பல வருஷம் மஸ்கட்டில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்துவிட்டு, நாடு திரும்பி, மைசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, விஜயநகரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிப் பேசி எங்கள் உறவினர்கள் வாய் ஓய்ந்ததும் இல்லை. வெளிநாட்டில் இருந்து வந்தவர் வீடு கட்ட சைட் வாங்குவார், நகை வாங்குவார், இல்லாவிட்டால் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது செய்வார் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அவர் கார் வாங்கினார். அதுவும் எப்படிப்பட்ட கார்? கூரை கிடையாது. இரும்பு உடம்பு கிடையாது, ஃபைபர். நாலு பேர் சேர்ந்தால் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைத்துவிடலாம், அவ்வளவு லேசு. எலுமிச்சைப்பழ மஞ்சள் நிறம். யாரோ ஆசையாக வாங்கி, ஓட்டத் தெரியாமல் ஷெட்டில் போட்டுவைத்திருந்ததைத் தேடிப் பிடித்து வாங்கினார். அந்தக் காரில் இருந்தது இரண்டே இரண்டு இருக்கை.

அதுதான் யாருக்கும் பொறுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு கார் வந்தால், முன்னால் யார், பின்னால் யார், யார் மடியில் யார் என்று அன்றைக்கே முடிவாகிவிடும். பங்குச் சாமியார் வந்து காரை மந்திரித்து, தீர்த்தம் தெளித்துவிட்டுப் போன கையோடு அப்பா கேட்டார், "இதுல எப்படிக்கா எல்லாரும் வேளாங்கண்ணி போறது?"

"போகவேணாம் தம்பி" என்றார் பெரியம்மா. "இதுல ரெண்டு பேர்தான் போகலாம்."

அந்த இரண்டாவது ஆள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலைத் தமிழ்ப் பூசை முடிந்ததும், நானும் பெரியம்மாவும் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம். நான் தமிழ் படிக்கக் கற்றதும் அந்தக் காருக்குள்தான். ஆஸ்பத்திரிப் பழக்கமோ என்னவோ, பெரியம்மா கண்ணில் படுகிற எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டிப் பேர் எழுதிவைப்பார். அவர் படித்ததெல்லாம் திருச்சிப் பக்கம், அதனால் தமிழில்தான் எழுதுவார். காரின் பொத்தான்கள் மேல் விளக்கு, துடைப்பான், சூடு என்று பிளாஸ்டர் துண்டுகள் இருக்கும். எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரியம்மா, அம்மா, பிறகு நான். அப்பாவும் சித்தப்பாவும் மைசூரிலேயே பிறந்து கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், ஆனால் தமிழ் எழுத்தைக் கண்டால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். தெரியாது என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு சாமுண்டி மலைக்குப் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். முன்னால் சுற்றுலா பஸ் ஒன்று நின்று நின்று போனது. அதன் பின்னாலேயே பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கியதில், பாதி மலையில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது. பெரியம்மா பெடலை மிதித்தார். அது தரை வரைக்கும் போனது. கார் நிற்கவில்லை. பெரியம்மா கத்தவும் இல்லை, மாதாவைக் கூப்பிடவும் இல்லை. கியரை இரண்டுக்கு இறக்கினார், பிறகு ஒன்றுக்கு. என்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கத்து மண்ணில் வண்டியை ஏற்றி நிறுத்தினார். சக்கரத்திலிருந்து புகை வந்தது. "பிரேக் ஆயில் கொதிச்சுடுச்சு" என்று சொல்லிவிட்டு, அது ஆறும் வரைக்கும் எனக்கு மெய்யெழுத்துக்களை ஒப்பிக்கச் சொன்னார். எனக்குப் பயமே இல்லை. என் வாழ்க்கையில் அதைவிடச் சுவாரசியமாக அதுவரை எதுவும் நடந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா எதையும் மறைக்காமல் சொன்னார். அப்பா எழுந்து நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பிரேக் சரியாகற வரைக்கும் எம்பொண்ணு இதுல ஏறக்கூடாது." அதில் தவறு சொல்ல முடியாது. பெரியம்மாவே, "சரிதான் தம்பி, முதல்ல பிரேக்க மாத்தணும்" என்றுதான் சொன்னார். நான்தான் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்கப்புறம் பெரியம்மா செய்ததையெல்லாம் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தெரிந்த மெக்கானிக்குகள், இந்த மாதிரி வண்டியில் கைவைக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவரே ராத்திரி டியூட்டி இல்லாத நாட்களில் உட்கார்ந்து படித்தார். காரில் முன்சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிஸ்க் சின்னது, சீக்கிரம் சூடாகிவிடும். அதே என்ஜின் உள்ள பெரிய கார் ஒன்றின் டிஸ்க்கையும், அந்த டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற காலிப்பரையும் இதற்குப் பொருத்தலாம் என்று கண்டுபிடித்தார். ஆனால் பெரிய டிஸ்க் இந்தச் சின்னச் சக்கரத்துக்குள் அடங்குமா? ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமை அந்த அளவுக்கு வெட்டி, சக்கரத்தைக் கழற்றி உள்ளே வைத்துப் பார்த்தார். யாருடைய முழங்காலோ அந்த ஃபிலிமில் தெரிந்தது. முழங்கால் சக்கரத்துக்குள் இடிக்காமல் சுற்றியது. "அடங்கும்" என்றார். ஆர்டர் செய்த பெட்டிகள் வந்தன. இரண்டு காலிப்பர்களிலும் பிளாஸ்டர் ஒட்டி, ஒன்றில் இடது என்றும் இன்னொன்றில் வலது என்றும் எழுதிவைத்தார். எழுதியதை என்னைப் படிக்கச் சொன்னார். நான் படித்தேன்.

வேலைக்குக் குறித்த ஞாயிறும் வந்தது. பூசையிலிருந்து திரும்பி, பெரியம்மா மாடிக்குப் போய்ப் பழைய சுடிதார் மாற்றிக்கொண்டு, கையுறைப் பெட்டியோடு கீழே வருவதற்குள், அப்பாவும் சித்தப்பாவும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா ஒரு கல்லூரி அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்ட். சித்தப்பா வாட்டர் ஃபில்டர் விற்கிற கம்பெனியில் இருந்தார். இருவரும் சேர்ந்து அதற்கு முன்னால் கழற்றியது எங்கள் வீட்டு மிக்ஸி ஒன்றுதான். அது திரும்பச் சேரவில்லை.

"நீங்க எதுக்கு அக்கா கஷ்டப்படறீங்க? நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றார் சித்தப்பா. "வீடியோ பாத்துட்டேன். ஒன் அவர்ல ஆயிடும்."

"இல்ல தம்பி, நானே பண்ணிக்கறேன். கூட ஒரு கை பிடிச்சா போதும்."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் கேட்கிறது. "ஆபரேஷன் தியேட்டர்ல வந்து நான் கத்தியக் குடுன்னு கேக்கறேனா? இது எங்க டிபார்ட்மென்ட் அக்கா. நீங்க உள்ள போய் அவளுக்குக் கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க." அவள் என்றது அம்மாவை. அம்மா உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அது பெரியம்மாவின் கார். பெரியம்மாவின் டிஸ்க், பெரியம்மாவின் ஸ்பேனர், பெரியம்மாவின் எக்ஸ்ரே முழங்கால். அவர் கையுறைப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். 

அப்புறம் நடந்த கூத்தைச் சொல்லவேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு பள்ளிக்கூட மேஷ்ட்ரு காம்பவுண்டுச் சுவர் மேல் காபி டம்ளரை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். பழைய டிஸ்க்கைக் கழற்றும்போது சித்தப்பா பிரேக் ஆயிலைக் காரின் முன் மூக்கில் சிந்தி, அதைத் துடைக்காமல் தன் கையைத் துடைத்துக்கொண்டார். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரியும் என்பது பெரியம்மா எனக்கு முதல் வாரமே சொன்ன பாடம். நான் துணி எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் மஞ்சள் கொப்பளித்துவிட்டது. அந்த இடம் இன்னமும் அப்படியேதான் இருக்கிறது. அப்பா சொல்கிற கதையில் அது வராது.

வேலை முடிந்துவிட்டது என்று அவர்கள் சொன்னபோது, கடைசிக் கட்டம்தான் பாக்கி. குழாய்க்குள் புகுந்திருக்கும் காற்றை எடுக்கவேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சக்கரத்துக்கு அருகில் காலிப்பரின் சின்ன மூக்கைத் திறந்து மூடுவார். ஆயிலோடு காற்றும் குமிழி குமிழியாக வெளியே வரும். மிதிக்கிற வேலை எனக்கு. "மிதி" என்றால் மிதிக்கவேண்டும். "பிடி" என்றால் அழுத்தியபடியே பிடித்துக்கொள்ளவேண்டும். "விடு" என்று சொன்னபிறகுதான் காலை எடுக்கவேண்டும்.

மிதித்தேன். பிடித்தேன். விட்டேன். பெடல் தொளதொளவென்று தரைக்குப் போனது. மறுபடி மிதித்தேன். மறுபடி தரை. சித்தப்பா ஒரு பாட்டில் ஆயில் தீர்த்தார். இன்னொன்றை வாங்கி வர ஸ்கூட்டரில் போனார். எனக்குத் தொடை நடுங்கியது. அப்பா, "ஒழுங்கா மிதிக்கிறாளா இல்லையா இவ?" என்று என்மேல் பாய்ந்தார்.

"ஏன் சார், இன்னும் ஆகலில்வா?" என்றார் சுவருக்கு அப்பால் மேஷ்ட்ரு.

"ஆய்த்து சார், ஆய்த்து" என்று முடிந்துவிட்டதாகக் கன்னடத்தில் சொன்னார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆயில் வருவதற்காகக் காத்திருந்த நேரத்தில் நான் இறங்கிக் கால் நீட்டினேன். வலது சக்கரத்துக்கு அருகில் தரையில் ஒரு பிளாஸ்டர் சுருண்டு கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். இடது என்று இருந்தது. அந்தப் பக்கம் ஓடிப்போய்த் தேடினேன். இடது சக்கரத்தின் அடியில் வலது என்று இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. படிக்கத் தெரியவில்லை. கேட்கவும் மனமில்லை. பிய்த்துப் போட்டுவிட்டு, கைக்கு வந்ததைக் கைக்கு வந்த பக்கம் மாட்டிவிட்டார்கள். உள்ளே இருந்த பெரியம்மாவைக் கேட்டிருக்கலாம். பத்து வயசுப் பெண் நான், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்னைக் கேட்டிருக்கலாம்.

சமையலறைக்கு ஓடி, இரண்டு பிளாஸ்டரையும் பெரியம்மா முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தார். காற்று எடுக்கிற மூக்கு மேலே இருக்கவேண்டியது, கீழே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கம் மாறினால் அப்படித்தான் ஆகும். ஊசியில் காற்று எடுக்கும்போது நர்ஸ் ஊசியை மேலே தூக்கிப் பிடிப்பதைப் பார்க்காதவர் யார்? காற்று மேலேதான் போகும். மூக்கு கீழே இருந்தால் ஆயிரம் தடவை மிதித்தாலும் ஆயில்தான் கொட்டும், காற்று காலிப்பரின் உச்சியில் சுகமாக உட்கார்ந்திருக்கும்.

"தம்பி, டப்பாவுல ஒரு படம் இருந்துச்சு. ஒருதடவ அதப் பார்த்துடலாமா?" என்றார் பெரியம்மா. குரலில் குத்தலே இல்லை.

"அக்கா, தயவுசெஞ்சு உள்ள போங்க. ஏற்கெனவே தலவலி." அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் பெரியம்மாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். சொல்லுங்கள், மாற்றி மாட்டிவிட்டீர்கள் என்று சத்தமாகச் சொல்லுங்கள், மேஷ்ட்ரு காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள் என்று எனக்குள் கொதித்தது. அவர் பிளாஸ்டர்களை மடித்துச் சுடிதார்ப் பைக்குள் வைத்துக்கொண்டு, "கை கழுவிட்டு எல்லாரும் சாப்பிட வாங்க" என்றார்.

மதியச் சாப்பாடு பிரியாணி. அப்பா பாதியில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார், "இந்த வண்டிக்கு பிரேக் நிக்காதுக்கா. வண்டியே சரியில்ல. எம்பொண்ண இனிமே இதுல அனுப்பமாட்டேன். இவனுக்கு பெங்களூர்ல ஒரு பார்ட்டி தெரியும், குடுத்துடலாம்." சித்தப்பா, "டென்ஷன் பேடாக்கா, கவலப்படாதீங்க, நான் பேசறேன்" என்று தலையை ஆட்டினார். தப்பாக மாட்டியது இவர்கள், குற்றம் காரின் மேல். நான் தட்டிலிருந்து எழுந்துவிட்டேன். பெரியம்மா என் தோளை அழுத்தி உட்காரவைத்து, "சரி தம்பி, நீங்க கொஞ்ச நேரம் படுங்க. அப்புறம் யோசிக்கலாம். நான் அந்த இடத்தச் சுத்தம் பண்ணி வைக்கறேன்" என்றார்.

பிரியாணி தன் வேலையைச் செய்தது. இருவரும் ஹாலில் ஃபேனுக்கு அடியில் பாயைப் போட்டுச் சாய்ந்தார்கள். சித்தப்பாவின் குறட்டை கேட்க ஆரம்பித்ததும் பெரியம்மா என்னைப் பார்த்தார். ஆளுக்கொரு ஜோடி கையுறை மாட்டிக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனோம்.

பெரியம்மா வேலை செய்த விதத்தை இன்னொரு தடவை பார்க்க நான் எதையும் கொடுப்பேன். அவசரம் இல்லை, தடுமாற்றம் இல்லை. எடுத்த ஸ்பேனர் எடுத்த இடத்துக்கே போனது. முதலில் ஜாக்கியை நம்பாமல் காருக்கு அடியில் மரக்கட்டைகளை வைத்தார். இரண்டு காலிப்பரையும் கழற்றி, குழாய் சேரும் இடத்தில் புதுச் செம்பு வாஷர் போட்டு, பக்கம் மாற்றி மாட்டினார். மூக்கு இரண்டும் இப்போது மேலே பார்த்தன. ஒரு ஸ்பேனர் என் கை நழுவித் தரையில் விழுந்து மணி அடித்த மாதிரி சத்தம் வந்தது. அம்மா வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே திரும்பிப் போனார். போய் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார். அம்மாவுக்கு டிவிச் சத்தமே ஆகாது. மதியத் தூக்கத்தில் ஆண்கள் இருக்கும்போது எதற்காக வைத்தார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

புத்தம்புது டிரிப் டியூப் ஒன்றை மூக்கில் மாட்டி, மறுமுனையைக் காலி சலைன் பாட்டிலில் விட்டார் பெரியம்மா. "மிதி" என்றார் மெதுவாக. மிதித்தேன். "பிடி." பிடித்தேன். டியூப்பில் குமிழிகள் வரிசையாக ஓடி வந்தன. "விடு." சில தடவைதான். குமிழி நின்றது. அந்தப் பக்கமும் அப்படியே. கடைசியாக மிதித்தபோது பெடல் பாதியில் நின்றுவிட்டது. இரண்டு காலையும் வைத்து எழுந்து நின்றேன். அசையவில்லை. பெரியம்மா வெள்ளைத் துணியால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றி ஒற்றிப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

நான் உள்ளே ஓடி அவர்களை எழுப்பி உண்மையை முகத்தில் அடிக்கத் தயாராகிவிட்டேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கையுறைகளைக் கழற்றிக் குப்பையில் போட்டார். அம்மா கொண்டுவந்த காபியை வாங்கிக்கொண்டு, படிக்கட்டில் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்தார்.

அப்பா எழுந்து வந்து, கொட்டாவி விட்டபடி பெடலை மிதித்தார். நிமிர்ந்தார். மறுபடி மிதித்தார். "டேய், வாடா இங்க!" என்று சித்தப்பாவைக் கூப்பிட்ட குரலில் வீடே அதிர்ந்தது. "கல்லு மாதிரி இருக்குடா!"

"நான் அப்பவே சொன்னேன்லண்ணா, கொஞ்சம் ஆறவிட்டா காத்து தானா மேல ஏறிடும்னு" என்றார் சித்தப்பா. அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை.

"நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க தம்பி" என்று, அவர்கள் சக்கரங்களை மாட்டிக் காரை இறக்கியதும், சாவியை நீட்டினார் பெரியம்மா. அப்பா ஓட்ட, பெரியம்மா பக்கத்தில் உட்கார, கார் ரிங் ரோடு பக்கம் போனது. கேட்டில் தொங்கிக்கொண்டு நான் நின்றேன். வலித்தது என் தொடை, போனது அவர்கள். திரும்பி வந்தபோது அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். காம்பவுண்டுச் சுவரருகில் வண்டியை நிறுத்தி, மேஷ்ட்ருவுக்கு அப்போதே கதையின் முதல் பதிப்பைச் சொல்லிவிட்டார்.

இரண்டாம் பதிப்பு இரவுச் சாப்பாட்டில். "இனி பயமே இல்ல. நான் போட்ட பிரேக். எம்பொண்ணு தாராளமா போகட்டும்." இதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அது நீங்க..." என்று வாயைத் திறந்துவிட்டேன். மேஜைக்கு அடியில் ஒரு பாதம் என் பாதத்தின் மேல் வந்து அழுத்தியது. பெரியம்மா தன் தட்டைப் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பிடி" என்றார். நான் பிடித்துக்கொண்டேன்.  அவர் விடு என்று சொல்லவே இல்லை.

ஒரு வாரம் முழுக்க நான் மாடிக்குப் போகவில்லை. எனக்கு அப்பா மேல் கூட அவ்வளவு கோபம் இல்லை. அவருக்குத் தெரியாது. பெரியம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் பெரியம்மாவின் பாவத்தை நான் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், அப்பா தானே போய்க் காரின் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். சீட் பெல்ட்டைத் தன் கையால் மாட்டி, இழுத்துப் பார்த்தார். "ஜம்முனு போயிட்டு வா. அப்பா போட்ட பிரேக்" என்று காரின் முதுகில் தட்டி அனுப்பினார்.

சாமுண்டி மலை ஏறி முடிக்கும் வரைக்கும் நான் முகத்தை வெளிப்பக்கமே திருப்பிவைத்திருந்தேன். மேலே பெரியம்மா காரப்பொரி மாதிரியான சுருமுரி வாங்கி நீட்டினார். வேண்டாம் என்றேன். இரண்டு பொட்டலத்தையும் அவரே ரசித்துச் சாப்பிட்டார். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. தீய்ந்த வாசனை இல்லை, புகை இல்லை. பெரியம்மா ஏதோ ஒரு மாதா பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்ததே இல்லை.  செய்த வேலையின் பேரைப் பறிகொடுத்தவர் எப்படிப் பாட முடியும்?

அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தி, "இன்னும் கோபமா?" என்று கேட்டார்.

"நீங்க பயந்தாங்கொள்ளி" என்று கத்தினேன். "நீங்க பண்ணினத அவங்க பண்ணினேன்னு சொல்றாங்க. நீங்க சும்மா இருக்கீங்க. அவங்களுக்கு இடது வலது கூடப் படிக்கத் தெரியாது. எனக்கு உங்களப் பிடிக்கல. உங்ககூட நான் இனிமே எங்கயும் வரமாட்டேன்."

 பெரியம்மா காரின் கண்ணாடியைச் சரிசெய்தார். "அடுத்த வாரம் எங்க போலாம்? மேல்கோட்டையா, கே.ஆர்.எஸ்ஸா?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அப்பா தன் வாயால் சரி என்று சொன்னால்தான் நான் அந்தக் காரில் ஏற முடியும், தான் போட்ட பிரேக் என்றால்தான் அவர் வாயிலிருந்து சரி வரும் என்பதைப் பெரியம்மா அந்தப் பிளாஸ்டர்களை மடித்துப் பைக்குள் வைத்தபோதே கணக்குப் போட்டிருந்தார். தன் காருக்குத் தானே பிரேக் போட்டதைச் சொல்லக்கூட ஒரு பெண் இவ்வளவு யோசிக்கவேண்டியிருந்ததே என்றுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனால் அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. அந்தக் காரில் இருந்ததே இரண்டு இருக்கை. ஒன்றைப் பெரியம்மா தன் சம்பாத்தியத்தில் வாங்கியிருந்தார். மற்றதை, அதற்கு முந்தைய ஞாயிறு மதியம், வாயைத் திறக்காமல் அப்பாவிடமிருந்து வாங்கியிருந்தார். அந்த இருக்கையில் வசதியாக உட்கார்ந்துகொண்டுதான், உங்களோடு வரவேமாட்டேன் என்று வீடு வரும் வரைக்கும் நான் கத்திக்கொண்டு வந்தேன்.